வடிவு பொறுக்கப் போனவள்

முத்தன்துறைக் கதையைச் சொல்கிறவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், கேட்கிறவர்கள் கடலைப் பார்த்து உட்கார வேண்டும், பாதியில் எவரும் எழுந்து போகக்கூடாது என்று அந்த ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. நான் உட்கார்ந்துவிட்டேன், நீங்களும் மணலைத் தட்டிவிட்டு உட்காருங்கள். நம்புவதும் நம்பாததும் வீட்டுக்குப் போகிற வழியில் பேசிக்கொள்கிற சங்கதி.

அந்த ஊரில் வருசா வருசம் திருவிழாவுக்கு மாதாவுக்கு ஒரு நீலப்பட்டு மேலாடை புதிதாகத் தைத்துச் சாத்துவார்கள், அதைக் கடலுக்குப் புருசனைக் கொடுத்தவள்தான் தைக்க வேண்டும், அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் போன வருசம் என்று ஒன்றுகூட இல்லை. ஆறு வந்து கடலில் விழுகிற வாயில் ஒரு நீர்ச்சுழல் இருந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் கிறுக்கி. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாததால் அந்தப் பெயர், இருபது வருசத்தில் பதினோரு ஆம்பிளைகளை விழுங்கியதால் அந்தப் பயம். பதினோராவது ஆள் சூசைராசு. அவன் பெண்சாதி பிரகாசிக்கு அந்த வருசம் சீட்டு விழுந்தது.

பிரகாசிக்குக் கொக்கி ஊசியால் பூ இழைக்கிற ஆரி வேலை கைவந்த வேலை. டவுன் தையல்கடைகளுக்குக் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுத்துத்தான் ஏழு வயசு மகள் செல்சிக்குச் சோறு போட்டாள். ஆனால் கை இருந்த அளவுக்கு அவளிடம் கற்பனை இல்லை. செல்போனில் வருகிற மயில், யானை, மாங்காய், இவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்து தைப்பாள். மேலாடைக்கும் நாலு மயிலை வரைந்து கொண்டுபோய்ப் பங்குச்சாமியாரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, மாதா என்ன கல்யாணத்துக்கா போறாங்க? இந்த மயிலு நம்ம ஊர்ப் பொண்ணுங்க முதுகிலே எல்லாம் உக்காந்திருக்கு. வேற ஏதாவது வடிவு கண்டுபிடிச்சுக் கொண்டா.”

“கண்டுபிடிக்கதுக்கு அது என்ன காணாமப் போன ஆடா” என்று முனங்கிக்கொண்டே வெளியே வந்தவள், வேறு வழி தெரியாமல் மறுநாளிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலமானால் நடக்கத் தொடங்கினாள். ஐஸ் கம்பெனிக்குப் போனார்கள், உப்பளத்துக்குப் போனார்கள், சும்மா பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். எங்கே போறிய என்று கேட்டவர்களிடம் “வடிவு பொறுக்கப் போறோம்” என்று செல்சி சொல்வாள். உண்மையில் பொறுக்கினது அவள்தான். பிரகாசி கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிகிற இடத்தில் அந்தப் பிள்ளை குந்தி உட்கார்ந்து “யம்மா, இங்க வந்து பாரேன்” என்று கூப்பிடும், போய்ப் பார்த்தால் அங்கே நண்டு நடந்த தடம் பூவேலை மாதிரி கிடக்கும், பார்த்த நொடியில் பிரகாசியின் வயிற்றுக்குள் என்னவோ ஒன்று சுண்டி இழுக்கும், வீட்டுக்கு ஓடிவந்து சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி ஊசியை எடுத்தால் கை தானாகப் போகும். இத்தனை வருசம் ஊசி பிடித்தும் அப்படி ஒரு சந்தோசத்தை அவள் கண்டதில்லை. புருசன் போன பிறகு முதல் தடவையாகப் பாட்டு ஒன்றை வாய்க்குள் முனகினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்டுத்தடம் தைத்து முடித்த மறுநாளிலிருந்து முத்தன்துறைக் கரையில் நண்டுகள் நடந்தால் தடம் விழவில்லை. நண்டு இருந்தது, நடந்தது, வளைக்குள் போனது, மணல் மட்டும் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. நண்டு பிடிக்கிற பொம்பிளைகள் நாலு நாள் திட்டினார்கள், ஐந்தாம் நாள் தடம் பார்க்காமலே பிடிக்கப் பழகிவிட்டார்கள். அடுத்ததாகச் சாமியார் வீட்டுச் சேவலின் கழுத்தில் வெயில் பட்டால் வருகிற பச்சையும் ஊதாவும் கலந்த மினுக்கத்தைத் தைத்தாள். சேவல் சாம்பல் நிறமாகிப்போனது. அதற்கடுத்து கோயில் பீடத்துக்குப் பின்சுவரில் மின்னல் மாதிரி ஓடிய வெடிப்பைத் தைத்தாள், வெடிப்பு மூடிக்கொண்டது. சுவரை இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன இஞ்சினியர் மறுபடி வந்து தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தான் பார்த்தது வேறு கோயிலாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ஊர் என்றால் என்ன, முதலில் வாயைப் பிளக்கும், பிறகு விரலை மூக்கில் வைக்கும், அப்புறம் இதனால் நமக்கு என்ன ஆதாயம் என்று யோசிக்கும். பிரகாசி தைத்தது துணிக்குள் போய்விடுகிறது, போனது வெளியே இருப்பதில்லை, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருத்தி மருமகளின் நாக்கைத் தைக்கச் சொன்னாள். ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய மாடியைத் தைக்கச் சொன்னான். பிரகாசி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“என்னைச் சுண்டி இழுக்கணும் மாமா, அப்பத்தான் கை ஓடும். நீங்க காட்டுததை எல்லாம் தைக்க நான் என்ன தையல் மிசினா?”

சேவலின் மினுக்கம் திரும்பி வேண்டுமென்று ஆசைப்பட்ட சாமியார், நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் அந்த இடத்து நூலை மட்டும் ஒருநாள் நறுக்கிவிட்டார். மினுக்கம் துணியிலும் இல்லை, சேவலிலும் இல்லை என்று ஆகிப்போனது. சேவல் ஏழு நாள் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்தது. அன்றையிலிருந்து மேலாடைப் பக்கம் கத்தரி போகக்கூடாது என்று ஊர்க்கமிட்டி விளம்பியது.

ஊர்க்கமிட்டித் தலைவர் தொபியாசுக்குக் கணுக்காலில் பத்து வருசமாக ஆறாத புண் ஒன்று இருந்தது. அவர் வந்து காலை நீட்டியபோது பிரகாசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்சிதான் குனிந்து பார்த்து, “யம்மா, சிப்பியைத் திறந்தா உள்ள இருக்குமே, அந்தக் கலரு” என்றாள். பிரகாசி பார்த்தாள், இழுத்தது, தைத்தாள், புண் போய்விட்டது. தொபியாஸ் தெருவில் ஓடினார், அறுபது வயசு மனுசன், பிள்ளைகளோடு போட்டி போட்டு ஓடினார். ஆனால் ஓரத்தில் ஒரு தையல் இளகியிருப்பதை மறுநாள் பார்த்த பிரகாசி, வேலைக்காரியின் புத்தி பாருங்கள், சரிசெய்கிறேன் பேர்வழி என்று அதைப் பிரித்துவிட்டாள். சங்கிலித் தையல் கடைசி நுனியிலிருந்து இழுத்தால் சரசரவென்று கழன்று வந்துவிடும். கழன்றதும் புண் காலுக்குத் திரும்பிவிட்டது. பதறிப்போய் அதே இடத்தில் அதே வண்ணத்தில் அச்சு அசலாக மறுபடி தைத்தாள், மூன்று தடவை தைத்தாள், புண் அசையவில்லை. ஒரு வடிவு ஒருதரம்தான் கண்ணைக் கவ்வும். இரண்டாம் தரம் அது வெறும் நகல். தொபியாஸ் அவளைத் திட்டவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

திருவிழாவுக்கு நாலு மாசம் இருக்கும்போது, முந்தானை ஓரத்துக்குச் சிறகு விரித்த தேவதூதன், ஒரு சம்மனசு வேண்டும் என்றார் சாமியார். சம்மனசு என்றால் முகம் வேண்டும். எவர் முகத்தை எடுத்தாலும் அந்த ஆள் கதி என்னாவது? ஒரு வாரம் பிரகாசி ஊரில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள், பஸ்ஸில் போகவில்லை, செல்போனை அரிசிப்பானைக்குள் போட்டு மூடினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே இருந்து எதையும் எடுக்காமல் தன் மனசுக்குள்ளிருந்து மட்டுமே எடுத்து, இல்லாத ஒரு முகத்தில் இல்லாத இரண்டு கண்களைத் தைத்தாள். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டு இன்னாசியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“யாத்தே, உசிரோட பாக்குதே! யாரு மொகம்டி?”

“யாரு மொகமும் இல்ல மைனி. நானா உண்டாக்குனது.”

அதைச் சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை! எதையும் பார்க்காமலே உண்டாக்க வந்துவிட்டது என்று நினைத்தாள் பாவி.

அந்த வாரத்தில் செல்சி நிலைப்படியில் முட்டிக்கொண்டாள். பிறகு தண்ணீர்க்குடத்தில் முட்டிக்கொண்டாள். “கரண்டு போயிட்டாம்மா” என்று நண்பகலில் கேட்டாள். பத்து நாளில் பார்வை முழுசாகப் போய்விட்டது. டவுனில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். உப்பு சுற்றிப் போட்டார்கள், தண்ணீர் மந்திரித்தார்கள், கொடிமரத்தடியில் ஒன்பது நாள் படுக்க வைத்தார்கள். ஊர் ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. இன்னாசியம்மாள் தன் மகன் ரொசாரிக்கு எடுத்து வைத்த மீன்துண்டை முள் நீக்கி அந்தப் பிள்ளைக்கு ஊட்டினாள். யாருக்கும், பிரகாசிக்கும்கூட, சம்மனசின் நினைப்பு வரவில்லை. அதுதான் யாருடைய முகமும் இல்லையே.

அந்த நேரம் பார்த்துத்தான் கமிட்டி அவளிடம் வந்தது. கிறுக்கியைத் தைத்துவிடு என்றார்கள். “ஒரு வடிவு பாக்கி இருக்கும்மா, அதுதான் பெருசு” என்றார் தொபியாஸ். பிரகாசிக்கு எதிலும் மனசில்லை, ஆனால் கிறுக்கி என்ற பெயரைக் கேட்டதும் சூசைராசு ஒன்பதாம் நாள் கரையொதுங்கிய கோலம் கண்முன் வந்தது. சரி என்றாள். ரொசாரியின் வள்ளத்தில் தூரத்தில் நின்று பார்த்தாள். வெறுப்போடுதான் பார்த்தாள், வெறுத்துக்கொண்டே இருக்கையில், அந்தக் கரும்பச்சைத் தண்ணீர் உள்ளே உள்ளே சுருண்டு நடுவில் ஒரு வெள்ளி வளையமாகக் குறுகுவதைக் கண்டபோது, சர்வேசுரா, அது அழகாக இருந்தது. புருசனைத் தின்றது அழகாக இருந்ததே என்று வள்ளத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே வந்து தைத்தாள். சம்மனசின் காலடியில் சுருள் சுருளாக முப்பது நாள் வேலை.

ஆற்றுவாய் தட்டில் ஊற்றிய கஞ்சிபோல் அடங்கியது. ஆண்கள் விசிலடித்துக்கொண்டு அதைக் கடந்தார்கள். பொம்பிளைகள் புருசன் கடலுக்குப் போன பிறகும் தூங்கினார்கள், முத்தன்துறையில் அதற்கு முன் அப்படி ஒரு தூக்கம் யாரும் கண்டதில்லை. பிறக்கிற பிள்ளைகளுக்குப் பிரகாசி என்று பெயர் வைத்தார்கள், அதில் ஒன்று ஆண்பிள்ளை.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு மேலாடையை வெயிலில் விரித்துத் தூசி தட்டினாள். கண்களைத் தொட்டுத் தடவியபோது, சம்மனசின் இடது கண் வெள்ளையில் ஒரு பழுப்புத் தையல் தெரிந்தது. தவறி விழுந்த நூலோ என்று நகத்தால் நெருடினாள். தவறி விழவில்லை, மிளகுப் பொட்டுப்போல் அளந்து விழுந்திருந்தது. பிறந்த அன்று இன்னாசியம்மாள் செல்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, “கண்ணுக்குள்ளயே மச்சம்டி, ராணியா இருப்பா” என்று காட்டிய அதே பொட்டு, அதே இடத்தில். பிரகாசி அப்படியே மணலில் உட்கார்ந்தாள். தாயின் மனசுக்குள் கையை விட்டால் வேறு எது கையில் வரும்? தன் பிள்ளையின் கண்ணைத் தானே பிடுங்கித் துணியில் வைத்துவிட்டு, நானாக உண்டாக்கியது என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள்.

சாமியார் நறுக்கிய இடம் தவிர மேலாடை முழுவதும் ஒரே நூல். கடலுக்குப் போனவர்கள் கால் சிக்கிவிடும் என்று மாதாவின் ஆடையில் முடிச்சுப் போட மாட்டார்கள். ஒரு நூல்கண்டு தீர்ந்தால் அடுத்ததை மெழுகு தடவி முறுக்கிச் சேர்ப்பார்கள். தேர் புறப்படுகிறபோது மட்டும் தைத்தவளே மேலேறி, தொங்குகிற நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள். அதன் பிறகு அது கழலாது. கண்களுக்குப் பிறகு தைத்தது கிறுக்கி ஒன்றுதான். கிறுக்கியைக் கழற்றாமல் கண்ணுக்குப் போக முடியாது, கத்தரி வைத்தாலோ சேவலின் மினுக்கத்துக்கு ஆனதுதான் கண்ணுக்கும் ஆகும்.

கமிட்டி கூடியது. பிரகாசி மகளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்திச் சொன்னாள்.

“பிரிச்சிட்டுப் பெறகு கிறுக்கியத் தச்சிரலாம்லா?” என்று யாரோ கேட்டார்கள்.

தொபியாஸ் வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். “போனது திரும்பி வந்தா மறுபடி போகாது. என் காலைக் கேளும்.”

“அப்ப எம்புள்ள?” என்றாள் பிரகாசி.

“எங்களுக்கு வயிறு எரியலன்னு நெனைக்கியா தாயி? ஊரே பாத்துக்கிடும். தெனம் ஒரு வீட்டுச் சோறு. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளு. ஒரு கொறையும் வராது” என்றார் தொபியாஸ்.

பிரகாசி இன்னாசியம்மாளைப் பார்த்தாள். இன்னாசியம்மாள் செல்சியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலையைத் தடவிக்கொண்டே, அழுதுகொண்டே சொன்னாள்:

“எனக்கு ரொசாரி ஒருத்தன்தான் பிரகாசி. வேண்டாம். கும்பிடுதேன், வேண்டாம்.”

மேலாடையைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவியைத் தொபியாஸ் இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றே முதல் வீட்டுச் சோறு வந்தது, நெத்திலிக் குழம்பு, முட்டைகூட வைத்திருந்தார்கள். செல்சி தட்டைத் தடவித் தடவிச் சாப்பிட்டாள்.

திருவிழாவன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை, அது வழக்கம். அதைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்; இன்றைக்குத் தண்ணீரில் ஒரு உயிரும் இல்லை, இன்றைக்கு விட்டால் முடிச்சு விழுந்துவிடும். வேட்டு போட்டார்கள், கொட்டு அடித்தார்கள், மாதா மேலாடை தரித்துத் தேரில் நின்றாள். சாமியாரும் தைத்தவளும் தவிர அன்று தேரில் ஒருவர் கால் வைக்கக்கூடாது. பிரகாசி ஏறினாள், மண்டியிட்டாள், நுனியைக் கையில் எடுத்தாள், இழுத்தாள்.

கீழே ஐயோ என்று ஒரு சத்தம். சாமியார் கையை நீட்டினார், அப்புறம் என்ன நினைத்தாரோ, மடக்கிக்கொண்டார். முப்பது நாள் வேலை மூன்று நிமிசத்தில் கழன்று அவள் மடியில் கரும்பச்சை நூலாகக் குவிந்தது. ஆற்றுவாய்ப் பக்கமிருந்து, பெரிய அண்டாவை யாரோ உருட்டுவதுபோல் ஒரு முழக்கம் வந்தது. ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிரகாசி திரும்பவில்லை. இடது கண், வலது கண். கழன்றதும் இழுப்பதை நிறுத்தி, அந்த இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். இன்னாசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்சி, “யம்மா! நீ எதுக்கு மேல நிக்கே?” என்று கத்தினாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. யாரும் திட்டவுமில்லை. தேரை இழுத்தார்கள், நிலைக்குக் கொண்டுவந்தார்கள், பாயசம்கூட அவள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் வந்தது. மறுநாளிலிருந்து ஆண்கள் ஆற்றுவாயைக் கரையோரமாகச் சுற்றிப் போனார்கள். நாற்பதாம் நாள் கிறுக்கி ரொசாரியை எடுத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் அவன் கரையொதுங்கியபோது இன்னாசியம்மாள் பிரகாசி வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. “செல்சியை அனுப்பு பிரகாசி” என்றாள், மெல்லத்தான் சொன்னாள். பிரகாசி குறுக்கே நின்றாள். பிள்ளை தானாக வெளியே வந்தது. இன்னாசியம்மாள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய், பாயை விலக்கி, “நல்லாப் பாரு மக்கா. நீ பாக்கதுக்குத்தான் இவன் போனான். நீ பாக்காம யாரு பாப்பா?” என்றாள். செல்சி பார்த்தாள். மீன் தின்ற முகத்தை, தனக்கு முள் எடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை, கண்ணை மூடாமல் பார்த்தாள்.

முத்தன்துறையில் எது இரண்டு தடவை நடந்தாலும் அது வழக்கம். மறுவருசம் தை மாசம் ஒருவன், அதற்கடுத்த வருசம் ஆடியில் அண்ணன் தம்பி இருவர். ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுப் பொம்பிளை வந்து வாசலில் நிற்பாள், செல்சி போய்ப் பார்த்து முடித்த பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். அவள் பார்க்காவிட்டால் செத்தவன் வீணாகச் செத்தான் என்று ஆகிவிடுமாம். ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று பிரகாசி இரண்டு தடவை துணி மூட்டை கட்டினாள். இரண்டு தடவையும் செல்சி வரமாட்டேன் என்றுவிட்டாள். “நான் போயிட்டா அவங்களை யாரும்மா பாப்பா?” என்றாள். அவள் வடிவு பொறுக்குவதை நிறுத்தி நாளாகிவிட்டது. மணலைப் பார்த்து நடப்பாள், எங்கேயும் குந்த மாட்டாள்.

அண்ணன் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளுக்குப் பத்து வயசு. கால் கழுவிவிட்டு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

“யம்மா, என் கண்ணைத் திருப்பித் துணியில தச்சிரு. எனக்கு இனிமே பாக்க வேண்டாம்.”

நடக்காது என்று பிரகாசிக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை முதல் தடவையாக ஒன்று கேட்கிறது, இல்லை என்று எந்த வாயால் சொல்வாள்? சட்டத்தை எடுத்தாள், ஒரு நீலத்துண்டை இழுத்துக் கட்டினாள், மகளை வெளிச்சத்தில் வாசலைப் பார்த்து உட்கார வைத்தாள். பொழுது சாய்கிறவரை தைத்தாள். அந்த முகத்தை அத்தனை கிட்டத்தில் அவள் பார்த்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கிழவிகளுக்கு வருகிற கருவளையம் வந்திருந்தது, அதையும் தைத்தாள். மிளகுப் பொட்டை வைத்தாள். ஒரு இமை மயிரையும் விடவில்லை. தாயின் கை நடுங்காமல் இருக்க வேண்டுமே என்று செல்சி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசித் தையலைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடச் சொன்னாள். செல்சி மூடினாள்.

“ஆச்சாம்மா?”

“ஆச்சு மக்கா.”

செல்சி மெதுவாகத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா மடியிலிருந்த துணியைப் பார்த்தாள், வாசலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். உதடு கோணியது.

“தெரியுதும்மா” என்றாள். “எல்லாம் அப்படியே தெரியுது.”